சவுண்டிங் ராக்கெட் ‘ஒலி ராக்கெட்’ அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பா ராக்கெட் ஏவுதளம் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, ‘சவுண்டிங் ராக்கெட்’ என்பதை ‘ஒலி ராக்கெட்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. இஸ்ரோவின் தலைமையகம் இருக்கும் பெங்களூரில், அதை அப்படியே பள்ளிக் கட்டுரையில் எழுதும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்-அப்பாச்சி என்ற சவுண்டிங் ராக்கெட் ஒலியை ஆராயப் போனதல்ல. மேலே போய்ச் சோடியம் ஆவியை உமிழ்ந்தது. அந்த மேகம் நகர்ந்த விதத்தைக் கொண்டு மேல்காற்றை அளப்பதுதான் நோக்கம். பலூன் எட்டாத, செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்ந்து சுற்ற முடியாத இடைவெளியை அளந்து பார்ப்பதே இவ்வகை ராக்கெட்டின் வேலை. இங்கே ‘சவுண்டிங்’ என்றால் ஆழம் பார்த்தல்.

அந்தச் சொல் கப்பல்காரர்களுடையது. ‘சோந்தே’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. மூன்று முதல் ஆறு கிலோ வரையிலான ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவார்கள். கயிற்றில் 2 பாகத்தில் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) இரண்டு தோல் வார், 3 பாகத்தில் மூன்று தோல் வார், 5-இல் வெள்ளைத் துணி, 7-இல் சிவப்புத் துணி, 10-இல் துளையிட்ட தோல் என்று அடையாளம் இருக்கும். வெள்ளையும் சிவப்பும் வெவ்வேறு நெசவுத் துணிகள். நள்ளிரவிலும் விரலால் தடவியே ஆழம் சொல்லிவிடலாம். (நம் கடலோரத்தில் இன்றும் ஆழத்தைப் பாகக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.) குண்டின் அடியில் உள்ள குழியில் கொழுப்பை அப்பி இறக்கினால், அடியில் கிடப்பது மணலா, சேறா, சிப்பியா என்பதும் ஒட்டிக்கொண்டு மேலே வரும். அறுவை மருத்துவர்கள் உடலுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கம்பிக்குச் ‘சவுண்ட்’ என்று பெயர் வந்ததும், ஒருவர் மனத்தை நாசூக்காக ஆழம் பார்ப்பதற்குச் ‘சவுண்ட் அவுட்’ என்பதும் இந்த வழியில்தான்.

இரண்டாவது, ஒலியைக் குறிக்கும் ‘சவுண்ட்’. அது வேறு குடும்பம். லத்தீன் ‘சோனஸ்’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் ‘சூன்’ என்று நுழைந்தது. கடைசியில் உள்ள ‘ட்’ அப்போது கிடையாது, பிறகு ஒட்டிக்கொண்டது. ‘தண்டர்’ என்ற இடிச் சொல்லின் நடுவிலும் அப்படித்தான் ஒரு ‘ட’ பின்னால் வந்து புகுந்தது.

மூன்றாவது ‘சவுண்ட்’, குறையற்ற, திடமான என்ற பொருளில் வருவது. ஜெர்மன் படித்தவர்களுக்கு ‘கெஸுண்ட்’ தெரியும். ஒருவர் தும்மினால் ஜெர்மானியர் ‘கெஸுண்ட்ஹைட்’ என்பார்களே, அதே வேர். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவும், 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவும் சொல்லும் ‘சவுண்ட் மைண்ட்’ இதுதான். உயிலில் ‘தெளிந்த புத்தியுடனும் பூரண சுயநினைவுடனும்’ என்று எழுதுகிறோமே, அது. நம் பேச்சிலேயே இந்த இரண்டும் கலக்காமல் புழங்குகின்றன: ‘சவுண்டு விடாதே’ என்பதில் இருப்பது ஒலி, ‘அவர் சவுண்டு பார்ட்டி’ என்பதில் இருப்பது திடம்.

நான்காவது கடல் இடுக்கு. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் உள்ள ஓரசுண்ட் போல. வட ஐரோப்பிய மொழிகளில் ‘சுண்ட்’ என்றால் நீச்சல், நீரிணை இரண்டும். மீனின் காற்றுப்பைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. ஆழம் பார்க்கும் பிரெஞ்சுச் சொல்லும் இந்தச் ‘சுண்ட்’டிலிருந்தே போயிருக்கும் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

ஆக, இது பல பொருள் தரும் ஒரே சொல் அல்ல. ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கும் நான்கு சொற்கள். நல்ல ஆங்கில அகராதிகள் தலைச்சொல்லின் தோளில் 1, 2, 3, 4 என்று சிறிய எண் போடுவது இதற்காகத்தான். பொருள்களுக்குமுன் வரும் எண் வேறு, தலைச்சொல்லுக்கு வரும் எண் வேறு. கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் தோள் எண் காணாமல் போய், எல்லாப் பொருளும் ஒரே வரிசையில் கொட்டிக் கிடக்கின்றன. முதலில் இருப்பது ஒலி. அவசரத்தில் எடுப்பதும் அதையே.

எந்தச் ‘சவுண்ட்’ என்று கண்டுகொள்ள ஒரு வழி: வினையாக வந்து, பின்னால் ஆழமோ ஆளோ வந்தால் அளத்தல். பெயரடையாக வந்தால் பெரும்பாலும் திடம். இடப்பெயரோடு வந்தால் நீரிணை. இதிலும் வழுக்கும் இடம் உண்டு: ‘சவுண்டிங் லைன்’ ஆழக் கயிறு, ‘சவுண்டிங் போர்டு’ ஒலிப் பலகை. மீன்பிடிப் படகில் இருக்கும் ‘எக்கோ சவுண்டர்’ இன்னும் குழப்பும். அது ஒலியை அனுப்பித்தான் அளக்கிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், எதிரொலி 0.2 வினாடியில் திரும்பினால் ஆழம் 150 மீட்டர். ஆனால் பெயரில் ஒலியைச் சொல்வது ‘எக்கோ’. ‘சவுண்டர்’ என்பது ஆழம் பார்ப்பது.

‘ஆய்வு ராக்கெட்’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அடுத்த அறிவியல் பக்கத்தில் அந்தச் சொல்லோடு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இணையப் பதிப்பிலும் மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் தேடி எடுப்பது அங்கிருந்துதான்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு