மார்க்கை அனுப்ப வேண்டாம்

கும்பகோணம்
26.10.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. மாடி அறை பழையபடி ஒழுகுகிறது. சித்தப்பா வந்து பார்த்துவிட்டுப் போனார். என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். தீபாவளிக்கு நீ வரவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம்தான். உன் பங்கு முறுக்கைத் தனி டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

எம்பிஏ படிக்க ஐஐஎம்களில் சேர நீ எழுதப்போகும் கேட் (CAT) தேர்வு நவம்பர் 30ல். இன்றிலிருந்து சரியாக ஐந்து வாரம். ஆகஸ்ட் வரை மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வு முடிந்ததும் மார்க்கைப் படம் எடுத்து அனுப்புவாய். இப்போது வருவதில்லை. ஆபீசில் வேலை இருக்கும். சரி, நான் கேட்கவில்லை.

கணக்கைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பிளஸ் டூவில் 200க்கு 198 வாங்கியவள் நீ, இன்றும் பள்ளிக்கூடத்தில் சொல்லுவார்கள். ஆனால் கேட் தேர்வில் கணக்கு மட்டும் காப்பாற்றாது. ஐஐஎம்களில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி கட்-ஆஃப். வெர்பல் என்கிற ஆங்கிலப் பகுதிதான் முதல் 40 நிமிடம். அது முடிந்தால் திரும்பிப் போக முடியாது. அங்கே மனசு தளர்ந்தால் அடுத்த பகுதியும் சேர்ந்து போகும். போன வருஷம் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன்.

31 வருஷம் வகுப்பில் பார்த்தேன். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். விடை சரியாக வருவதில் ஒரு தைரியம். நீயும் ராத்திரி பதினொரு மணிக்கு அல்ஜீப்ரா போடுவதாக அம்மாவிடம் சொன்னாயாம். தெரிந்ததையே போடாதே, பாப்பா.

கணக்கில் தப்பு வந்தால் எந்த வரியில் வந்தது என்று தேடுவாய். நான் அப்படித்தான் உன்னைப் பழக்கினேன். ஆங்கிலப் பத்தியில் தப்பு வந்தால் மட்டும் விடையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறாய். போன வருஷ நோட்டு இங்கேதான் இருக்கிறது, பார்த்தேன். பத்தி புரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தாயா, கடைசி இரண்டு விடைகளில் தடுமாறினாயா என்று தப்புக்குப் பக்கத்திலேயே எழுது. பத்து நாள் எழுதினால் எந்த இடத்தில் சறுக்குகிறாய் என்று அதுவே காட்டும்.

இன்னொன்று. சரியான விடைக்கு 3, தப்புக்கு 1 கழிவு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நான்கு தடவைக்கு ஒரு 3 வரும், மூன்று 1 போகும், சராசரியில் பூஜ்யம். காரணத்தோடு ஒரு தப்பு விடையை நீக்கிவிட்டாலே கணக்கு உன் பக்கம் திரும்பிவிடும். விடையை நாமே டைப் செய்யும் கேள்விகளுக்குக் கழிவே இல்லை, அவற்றை வெறுமனே விடாதே. போன வருஷத் தாளில் வெர்பலில் 24 கேள்வி, அதில் 16 பத்தியிலிருந்து. அதனால் தினமும் பத்திகளைப் படி. தெரிந்ததையே போடாதே என்று மறுபடியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போன வருஷம் ரிசல்ட் வந்த அன்று போனில், "வாசிக்கிறதுதானே, அதில் என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஜியோமெட்ரி நோட்டுக்குள் ஆங்கிலக் கதைப்புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். நான் பிடுங்கிக்கொண்டு போய் நூலகத்தில் கொடுத்து, காப்புத்தொகையையும் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். டியூஷன் சேர்ந்துவிட்டாள், இனி வரமாட்டாள் என்று நூலகரிடம் சொன்னேன். வாரத்துக்கு மூன்று புத்தகம் எடுக்கும் பிள்ளை, சார், என்றார் அவர். வீட்டுக்கு வந்து உன்னிடம் அதைச் சொல்லவில்லை. நீ அழவும் இல்லை, மறுநாளிலிருந்து கணக்கு மட்டும் போட்டாய். அந்த 198ஐ ஊரெல்லாம் சொன்னேன். அதற்காக உன்னிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்று நீ தடுமாறும் இடம் நான் அடைத்த இடம், பாப்பா. தப்பு எந்த வரியில் என்று நானும் தேடிப் பார்த்தேன், இங்கேதான் இருக்கிறது.

மார்க்கை அனுப்ப வேண்டாம். தினமும் ராத்திரி அன்று படித்த ஒரு பத்தியை மட்டும் போனில் எனக்குத் தமிழில் சொல்லு. எழுதினவர் என்ன சொல்கிறார், எதை மறுக்கிறார், எந்த இடத்தில் உனக்குப் புரியவில்லை, அவ்வளவு போதும். எனக்குப் புரியும்வரை கேள்வி கேட்பேன், திட்டமாட்டேன். ஒன்பதரைக்குச் சாப்பிட்டு முடித்துவிடுவேன். அதற்கப்புறம் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா