உருளைக்கிழங்கு வேகும்வரை

அன்புள்ள தம்பிக்கு,

உன் குறும்படக் கதையை இரண்டு தடவை படித்தேன். பன்னிரண்டாம் காட்சியில் அந்த அம்மா நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டுத் தலைவிரி கோலமாய்க் கத்துகிறாள். ஓரத்தில் ‘இசபெல் அட்ஜானி மாதிரி வரணும் அண்ணா’ என்று எழுதியிருக்கிறாய். இதே காட்சியை வேறு பலரும் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

நீ சொல்லும் படம், பிரெஞ்சு நடிகை அட்ஜானி காமிலாக நடித்து 1988-இல் ப்ரூனோ நுயிட்டென் எடுத்த ‘காமில் க்ளோதெல்’. நிஜத்தில் வாழ்ந்த பிரெஞ்சுச் சிற்பி காமில். அவள் தன் கையால் செய்த சிலைகளைத் தானே உடைத்துத் தள்ளும் இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. அட்ஜானி பெரிய நடிகை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1913-இல் காமிலை மனநல விடுதிக்குக் கொண்டுபோவதோடு அந்தப் படம் முடிந்துவிடுகிறது. அவளோ 1943-இல் சாகும்வரை, முப்பது வருஷம், உள்ளேயே இருந்தாள்.

அந்த முப்பது வருஷத்திலிருந்து மூன்றே நாளை எடுத்து 2013-இல் ப்ரூனோ துமோன் ஒரு படம் செய்தார்: ‘காமில் க்ளோதெல் 1915’. பிரான்ஸில் அவிஞோன் ஊருக்குப் பக்கத்து விடுதி, குளிர்காலம். போல் க்ளோதெல் என்ற தன் தம்பி பார்க்க வருவான் என்று அக்கா காத்திருக்கிறாள். கதை அவ்வளவுதான். காமிலாக ஜூலியட் பினோஷ். கூட இருக்கும் நோயாளிகளாக வருபவர்கள் நிஜமாகவே மனவளர்ச்சி குன்றியவர்கள்.

அதில் அவள் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறாள். விஷம் வைத்துவிடுவார்கள் என்ற பயம். உருளைக்கிழங்கைத் தானே அவித்துக்கொள்வாள், வேறு யார் சமைத்ததையும் நம்பமாட்டாள். அழுகையும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. எனக்குக் கை நடுங்கியது அங்கேதான்.

அப்புறம் மருத்துவரிடம் பேசும் காட்சி. என்னை ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எவ்வளவு தெளிவாகக் கேட்கிறாள்! நாம் முழுக்க அவள் பக்கம் சாய்கிறோம். அதே மூச்சில், அவளுடைய குருவும் பழைய காதலருமான சிற்பி ரோதான் தன் சிலைகளை அபகரிக்கச் சதி செய்வதாகச் சொல்ல ஆரம்பிக்கிறாள். ரோதானைப் பிரிந்து இருபது வருஷம் ஆகியிருக்கிறது. தெளிவும் கலக்கமும் ஒரே முகத்தில், ஒரே குரலில். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று பார்க்கிற நமக்கே பிடிபடவில்லை. மனம் உடைவதைத் திரையில் இதைவிட உண்மையாக நான் பார்த்ததில்லை.

இன்னொரு இடம். தரையிலிருந்து கொஞ்சம் மண்ணை எடுக்கிறாள். விரல்கள் தாமாகவே பிசைகின்றன, ஏதோ உருவம் கூடப்போகிறது. சட்டென்று வீசி எறிந்துவிடுகிறாள். சில விநாடிதான். 1988 படத்தில் சுத்தியல் செய்ததை இங்கே ஒரு பிடி மண் செய்துவிடுகிறது.

காமிலை வெளியே அனுப்பலாம் என்று பிற்பாடு மருத்துவர்களே சொன்னார்கள். அவள் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கத்திக்கொண்டே இருந்தவள் என்று காட்டிவிட்டால் அந்த அநியாயம் நியாயமாகிவிடும், யோசித்துப் பார்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். ஏழாம் காட்சியில் அந்த அம்மா பால் பாக்கெட்டை வெட்டுவதற்கு முன் திருப்பித் திருப்பி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாள். ஒரே வரியில் எழுதித் தாண்டிப் போய்விட்டாய். கேமராவை அங்கே வை. கண்ணாடிக் காட்சியை எடுத்துவிடு.

அடுத்த பிரதியை அனுப்பு, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்