கண்ணாடி அலுமாரியைத் திறந்துவிடுங்கள்: ஒரு சிறுவர் இசைப் பள்ளிக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பிள்ளைகள் காதால் கேட்டு இசை பழகும் சுசுகி முறையில் வயலின் படிப்பிக்கும் உங்கள் பள்ளியில் ஐந்து வயது மகளைச் சேர்த்திருக்கும் தாய் நான். பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை, வாசித்தால் உங்களுக்குத் தெரியும். போன தவணை முடிவில் பெற்றார் சிலர் சேர்ந்து கையெழுத்து வைத்துத் தந்த கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அதற்கிடையில் கடந்த சனிக்கிழமை என் மகளின் கொப்பியில், வீட்டில் பயிற்சி போதாது, பெற்றார் கவனம் செலுத்துவதில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கவனம் செலுத்துவதற்கு வேண்டியதை எங்கள் கையில் தாருங்கள். பாடங்களின் ஒலிப்பதிவும் பெற்றாருக்கான வழிகாட்டியும் வீட்டுக்கு வரவேண்டும், எங்கள் வீட்டில் இருப்பவர்கள் வாசிக்கக்கூடிய மொழியில் வரவேண்டும்.

நானும் கணவரும் கொழும்புக் கோட்டையில் வேலை செய்கிறோம், சனிக்கிழமையும் அரைநாள் உண்டு. மகளைக் கூட்டி வருவது என் அம்மா. வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையையும் பிடித்துக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறி வருகிறார். வகுப்புக்குள் அவருக்கு இடமில்லை. விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரச் சொல்கிறீர்கள். ஏசி போட்டுக் கதவைச் சாத்தியிருப்பதால் கண்ணாடிக்கு அப்பால் மிஸ்ஸின் கை அசைவது தெரியும், ஒரு சொல்லும் கேட்காது. வகுப்பு முடிந்ததும் கொப்பியில் ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக மூன்று நான்கு வரிகள். நான் இரவில் அதை எடுத்து வாசிக்கும்போது பிள்ளை நித்திரை.

ஒரு கிழமை அந்த வரிகளில், வில்லைப் பிடிக்கும்போது பெருவிரல் அடிக்கட்டைக்கு (வில்லைப் பிடிக்கும் முனையில் உள்ள சிறு கட்டைக்கு) வெளியே இருக்கவேண்டும் என்று இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் அப்படிப் பிடிக்கப் பழக்கி, பிறகு விரலை உள்ளே கொண்டுவருவார்கள் என்று பின்னர்தான் அறிந்தேன். அம்மாவுக்கு அது தெரியாது. போனில் யாரோ பெரிய கலைஞர் வாசிப்பதைப் பார்த்து, அவர் பிடித்த மாதிரியே பேத்தியின் பெருவிரலை உள்ளே மடித்துவிட்டார். நாள்தோறும் பின்னேரம் பக்கத்தில் இருந்து, விரல் நழுவும்போதெல்லாம் திரும்ப எடுத்து வைத்தார். அடுத்த சனிக்கிழமை மிஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, பிழை என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிள்ளை, "அம்மம்மாக்கு ஒண்டும் தெரியாது, இனி என்னைத் தொட வேண்டாம்" என்று அழுதாள். அம்மா அதற்குப் பிறகு வயலின் பெட்டியைத் திறப்பதில்லை. நீங்கள் எழுதிய "பயிற்சி போதாது" என்பதன் கதை இதுதான்.

என் அம்மா இசை தெரியாதவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் வாய்ப்பாட்டுப் படித்தவர். தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடுவார், சுருதி கொஞ்சம் இறங்கினாலும் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவார். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குருவுக்கு முன்னால் இருந்து, காதால் கேட்டு, திரும்பப் பாடித்தான் சங்கீதம் பழகினார்கள். சுசுகி முறையில் பாதி அவருக்கு ஏற்கெனவே பழக்கம். ஒலிப்பதிவைக் கேட்கக் கொடுத்து, கையை எப்படி வைப்பது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு அவரைவிட நல்ல உதவியாளர் கிடைத்திருக்கமாட்டார்.

இந்த முறையை உருவாக்கிய ஷினிச்சி சுசுகி பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் விறாந்தையில் அவருடைய படம் தொங்குகிறது. 1898இல் ஜப்பானின் நகோயாவில் பிறந்தவர், தகப்பனார் வயலின் தொழிற்சாலை வைத்திருந்தவர். சுற்றிவர வயலினாக இருந்தும், அதற்குள் இப்படி ஒரு இசை இருக்கிறது என்று அவர் உணர்ந்தது வாலிப வயதில் ஒரு இசைத்தட்டைக் கேட்டபோதுதான். கேட்டதை வாசித்துப் பார்த்தே தொடங்கினார். பிறகு பெர்லினில் படித்து, போர் முடிந்தபின் 1946இல் ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் கற்பிக்க ஆரம்பித்தார். எல்லாப் பிள்ளைகளும் தாய்மொழியைச் சிரமமில்லாமல் பேசுகின்றன, கேட்டுக் கேட்டு, பேசிப் பேசிப் பழகுகின்றன, இசையையும் அப்படியே பழக்கலாம் என்பதுதான் அவர் கண்டது. 1955இல் டோக்கியோவில் சுமார் 1,200 பிள்ளைகள் ஒன்றாக நின்று வயலின் வாசித்தது அந்த நம்பிக்கையின் பலன்.

அவருடைய முறையில் பிள்ளை நோட்டு வாசிப்பதற்கு முன் காதால் கற்கிறது. அதற்காகவே வயலின் பாடப் புத்தகங்களுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. நாள்தோறும் கேட்கவேண்டும், சாப்பிடும்போதும் விளையாடும்போதும் வீட்டில் அது ஒலிக்கவேண்டும். பெற்றார் வகுப்பில் கூட இருக்கவேண்டும். பிள்ளையின் கையில் வயலினைக் கொடுக்குமுன் தாய்க்கு ஒரு பாட்டாவது வாசிக்கப் பழக்கியவர் அவர். இதெல்லாம் வேண்டாம் என்றால், மிச்சம் இருப்பது என்ன? முதல் புத்தகத்தின் போட்டோக்கொப்பியும் தவணைக் கட்டணமும்தானே?

ஒலிப்பதிவு கேட்டால் இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள் என்கிறீர்கள். தேடினோம். முதல் பாடத்துக்கே ஆளுக்கொரு வேகம். எதைக் கேட்டுப் பழகுவது என்று ஐந்து வயதுப் பிள்ளை தெரிவு செய்யுமா? உங்கள் அலுவலகக் கண்ணாடி அலுமாரிக்குள் மூலப் புத்தகங்களும் சீடிகளும் வழிகாட்டிகளும் வரிசையாக இருப்பதைப் பணம் கட்ட வரும்போதெல்லாம் பார்க்கிறோம். பூட்டுப் போட்டிருக்கிறது. ஆசிரியர் பாவனைக்கு மட்டும் என்று சொன்னார்கள்.

கொழும்பில் தமிழ் பேசுபவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று, இன்றைக்கும் ஒரு படிவத்தை நிரப்பப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கவேண்டியிருக்கிறது. வங்கியில் அப்படி, ஆஸ்பத்திரியில் அப்படி. பெரியவர்கள் பழகிவிட்டோம். பிள்ளைகளின் சங்கீத வகுப்பிலும் அதற்குப் பழகிக்கொள் என்று என் அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் இன்னொன்று: இந்த நகரத்தில் இசை என்றாலே பிள்ளை எத்தனையாம் கிரேட் (பரீட்சைப் படி) என்ற கேள்விதான். அந்த ஓட்டத்துக்குள் போகவேண்டாம் என்றுதான் உங்களிடம் வந்தோம்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். உங்கள் ஆசிரியர்கள் பிள்ளைகளில் அன்பானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே பணிவாகக் கேட்கிறேன். அந்த அலுமாரியைத் திறந்து, நூலகம்போல ஒரு பதிவேடு வைத்து, மூலப் புத்தகத்தையும் ஒலிப்பதிவையும் கிழமைக்கு ஒரு வீடாக இரவல் தாருங்கள். முற்பணம் கட்டச் சொன்னால் கட்டுகிறோம். பிள்ளையைக் கூட்டிவருபவர் தாயோ தகப்பனோ அம்மம்மாவோ, வகுப்புக்குள் ஒரு கதிரை போடுங்கள். கொப்பியில் எழுதும் வரிகளைத் தமிழிலும் எழுதுங்கள். எழுத ஆளில்லை என்றால் நாங்கள் இருக்கிறோம். மிஸ் ஆங்கிலத்தில் சொல்வதைச் சனிக்கிழமைதோறும் தமிழில் எழுதித்தரப் பெற்றார் மூன்று பேர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், சம்பளம் வேண்டாம்.

அடுத்த தவணை தொடங்குமுன் எழுத்தில் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
வெள்ளவத்தை