படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு வெளிநாடுகளைச் சுற்றிவந்த தம்பதியரின் பயண நினைவுகளைச் சென்ற இதழில் படித்தேன். கட்டுரை மனத்துக்கு நிறைவாக இருந்தது. உடன் வந்த படங்கள்தான் வருத்தம் தந்தன. ஒன்றின் கீழாவது ஊர்ப்பெயரோ ஆண்டோ இல்லை. ‘பாலத்தில் நாங்கள்’ என்றால் எந்தப் பாலம்? அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இதே தவறு எங்கள் குடும்பத்தில் நடந்து, இனித் திருத்தவே வழியில்லாமல் போய்விட்டது.

என் அக்காவும் அத்தானும் ஓய்வு பெற்றபின் பல நாடுகளுக்குச் சென்றுவந்தவர்கள். இருவரும் காலமானபின் அவர்களுடைய ஆல்பங்கள் என்னிடம் வந்தன. ஒரு படத்தில், நரைத்த தலையுடன் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி அக்காவின் தோளை அணைத்தபடி நிற்கிறார். பின்னால் ஓர் ஏரி. அக்கா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. யார் அந்த அம்மாள், எந்த ஏரி, என்ன பேசிச் சிரித்தார்கள்? படத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை. கேட்பதற்கும் ஆளில்லை.

அதன் பிறகு நானும் என் கணவரும் எங்கள் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தது இரண்டு மாதம் ஆயிற்று. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் எடுத்த ஒரு படத்தை அவர் பிரம்பானன் என்ற இந்துக் கோயில் என்றே சாதித்தார். நான் போரோபுதூர் என்ற பௌத்தத் தலம் என்றேன். படத்தின் ஓரத்தில், துளைகளிட்ட மணி போன்ற தூபி ஒன்று பாதி தெரிந்தது. போரோபுதூரின் மேல்தளங்களில் அப்படி 72 தூபிகள் இருக்கின்றன. அதை வைத்துத்தான் முடிவுக்கு வந்தோம். நேரில் நின்று பார்த்த எங்களுக்கே இந்தக் குழப்பம் என்றால், பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

கம்போடியாவின் அங்கோர்வாட்டில் விடியற்காலையில் எடுத்த படங்களில் எங்கள் முகங்கள் கறுத்திருக்கின்றன. அந்தக் கோயில் மேற்கு நோக்கியது. காலைச் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும். முகம் தெளிவாக விழ வேண்டுமென்றால் பிற்பகலில் எடுத்திருக்க வேண்டும். ஆனாலும் இருட்டில் கைகோத்து நடந்துபோய்க் காத்திருந்த அந்த விடியலை எந்தப் பிற்பகலுக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சுவிட்சர்லாந்தில், மலையைக் குடைந்து 1912இல் திறந்த ரயில்பாதை வழியே 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ்யோக் நிலையத்துக்குப் போனோம். அன்று ஒரே மூடுபனி. எடுத்த படம் முழுவதும் வெள்ளை. அழித்துவிடலாம் என்றார் கணவர், நான் விடவில்லை. அங்கே மூச்சு வாங்கி நான் உட்கார்ந்தபோது, மொழி தெரியாத ஒரு முதியவர் தம் கையுறைகளைக் கழற்றி என் கைகளில் மாட்டிவிட்டார். அவரைப் படம் எடுக்கத் தோன்றவில்லை. அந்த வெள்ளைப் படத்தை அச்சிட்டு, பின்னால் அவரைப் பற்றி நான்கு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வாசகர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். பசைப் பக்கங்கள் உள்ள பழைய ஆல்பங்களிலிருந்து படங்களைப் பொறுமையாக எடுத்துவிடுங்கள். அவசரப்பட்டு இழுத்து நான் இரண்டு படங்களைக் கிழித்துவிட்டேன். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சில் நல்லது. கேமராவில் பதிவாகும் நேரத்தை முழுக்க நம்ப வேண்டாம். நாங்கள் கடிகாரத்தை மாற்றாமல் போனதால், சுவிட்சர்லாந்தின் நண்பகல் எங்கள் படங்களில் மாலையாகப் பதிவாகியிருக்கிறது. செல்பேசியில் பகிரும்போதோ, பல செயலிகள் படத்தைச் சுருக்குவதோடு எடுத்த நாள், இடம் பற்றிய பதிவையும் நீக்கிவிடுகின்றன.

தாங்களும் இனி வாசகர்களின் பயணப் படங்களை வெளியிடும்போது, ஊர், ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்ற மூன்றையும் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் ஒரு படத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் படத்தின் பின்னாலும் எழுதிவிட்டேன்: ‘இடப்பக்கம் என் அக்கா. அருகில் இருப்பவர் அவருடைய தோழி. பெயர் தெரியவில்லை.’

இப்படிக்கு,
ஒரு வாசகி