பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிய அப்பத்தாவுக்கு

அன்புள்ள அப்பத்தா,

போன செவ்வாய்க்கிழமை ரேஷன் கடை முக்கில் பார்த்தபோது, "இப்ப தேவலையா தாயி?" என்று கேட்டீர்கள். "தேவலை அப்பத்தா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன். அது பொய். அன்றைக்கு வெளியே வந்துபோனதற்கே வியாழக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்தேன். உண்மையைச் சொல்வதென்றால் உங்களோடு தெருவில் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். என்னால் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. அதனால் எழுதுகிறேன். பேத்தியைப் போனில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள். பிள்ளை பிறந்த புதிதில் என் நோயைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியை மனதுக்குள் கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. முகத்துக்கு நேரே கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

மகள் பிறந்து இருபத்திரண்டாவது நாள் அது. தொப்புள்கொடி விழுந்த மறுநாளிலிருந்து வந்துகொண்டிருந்தீர்கள். காலை எட்டு மணிக்கு உங்கள் பலகையை நீங்களே தூக்கிக்கொண்டு வருவீர்கள். எங்கள் வீட்டு ஸ்டூல் உங்களுக்கு ஆகாது. கொல்லையில் பலகையைப் போட்டு, சேலையை முட்டிக்கு மேல் ஏற்றிச் செருகி, காலை நீட்டி, கெண்டைக்கால் இரண்டுக்கும் நடுவில் பிள்ளையைப் படுக்க வைப்பீர்கள். எண்ணெய் தேய்த்துக் கையையும் காலையும் குறுக்கே மடக்கி நீவிவிட்டு, இடது கையை அவள் நெற்றியில் கூரை மாதிரி வைத்துக்கொண்டு வலது கையால் தண்ணீர் ஊற்றுவீர்கள். ஒரு சொட்டு கண்ணில் விழாது. மூக்கில் ஊதக் கூடாது என்று குழந்தை டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எம்புட்டுப் புள்ளைக்கு ஊதியிருக்கேன்" என்று முறைத்தீர்கள். ஆனால் அதற்கப்புறம் ஊதவில்லை.

நான் உள்ளே கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் பிள்ளையை ஒருநாள்கூட நான் குளிப்பாட்டியதில்லை. அன்றைக்கு அவளைத் துவட்டி என் பக்கத்தில் கிடத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தீர்கள். "ரத்தங்கித்தம் கம்மியா?" என்றீர்கள். இல்லை என்றேன். "அப்புறம் என்னதான் சொல்றாக?" என்றீர்கள். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "முடியாதுன்னு தெரிஞ்சே எதுக்குத் தாயி பெத்துக்கிட்ட?" என்றீர்கள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீங்கள் போன பிறகு அழுதேன். மறுநாள் காலையில் தூக்குவாளியில் ஆட்டுச் சுவரொட்டி வறுவலோடு வந்து நின்றீர்கள். ரத்தம் கம்மியில்லை என்று சொன்னதை நம்பவே இல்லை போலிருக்கிறது.

சரி, டாக்டர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்ற முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். 2017-ல் ஊரெல்லாம் டெங்கு வந்ததே, தெருவுக்குத் தெரு நிலவேம்புக் கசாயம் ஊற்றினார்களே, அந்த வருடம் எனக்கும் வந்தது. காய்ச்சல் பத்து நாளில் விட்டது, அசதி விடவில்லை. அசதி என்றால் வேலை செய்து களைக்கிற அசதி இல்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே இருக்கும். படுத்திருக்கும்போது நாடி 70 அடிக்கும், எழுந்து பத்து நிமிடம் நின்றால் 115-க்குப் போகும், கண் இருட்டும். தெரிந்தவர்களின் பெயர்கூட வாயில் வராது. இரண்டு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். ரத்தம், தைராய்டு, ஸ்கேன் எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "எங்கேயாவது டூர் கூட்டிட்டுப் போங்க சார்" என்றார். சென்னையில் ஒருவர்தான் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் பெயரைச் சொன்னார். நாட்பட்ட சோர்வு நோய். எம்.இ. என்றும் சொல்வார்கள். பெயரைக் கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். அந்தப் பெயரே பாதிக் கேடு.

இந்த நோயின் அடையாளமே ஒரு வேலை செய்தால் அப்போது தெரியாது என்பதுதான். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ உடம்பு விழும். இதை உங்களிடம் ஒருநாள் சொன்னபோது, "கந்துவட்டிக்கு வாங்குனாப்லயா?" என்று கேட்டீர்கள். எட்டு வருடத்தில் இவ்வளவு சரியாக யாரும் சொல்லவில்லை. வாங்கும்போது கை நிறைய இருக்கும், மூன்றாம் நாள் வாசலில் வந்து நிற்பான்.

இது பொம்பளைகளின் சடைவு என்று சொல்வது நம் ஊரில் மட்டும் இல்லை. 1955-ல் லண்டனில் ராயல் ஃப்ரீ என்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ், டாக்டர் என்று அங்கே வேலை பார்த்தவர்களே 292 பேர் இப்படி விழுந்தார்கள். ஆஸ்பத்திரியையே மூடும்படி ஆனது. பதினைந்து வருடம் கழித்து இரண்டு மனநல டாக்டர்கள், நோயாளி ஒருவரைக்கூட நேரில் விசாரிக்காமல், பழைய ரெக்கார்டுகளைப் புரட்டிவிட்டு இது ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, விழுந்தவர்களில் பெண்கள்தான் அதிகம் என்பது. நர்ஸ்கள் இருக்கிற இடத்தில் வேறு யார் அப்பத்தா அதிகம் விழுவார்கள்?

இனி இரண்டாவது கேள்வி. தெரிந்துதான் பெற்றேன்.

நாலு வருடம் யோசித்தோம். 2004-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வை என் வீட்டுக்காரர் தேடி எடுத்தார். சின்ன ஆய்வுதான், இந்த நோயுள்ள 86 பெண்கள். வயிற்றில் பிள்ளை இருந்தபோது 41 சதவீதம் பேருக்கு மாற்றம் இல்லை, 30 சதவீதம் பேருக்குத் தேவலையானது, 29 சதவீதம் பேருக்கு மோசமானது. பெற்ற பிறகு? பாதிப் பேருக்கு மோசம். மற்ற பாதியில்தான் நாம் இருப்போம் என்று நினைத்தேன். லாட்டரிச் சீட்டு வாங்குகிற எல்லோரும் அப்படித்தானே நினைப்பார்கள்.

மாசமாக இருந்தபோது பாருங்கள், நாலாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை நான் ராணி. அந்தச் சமயத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். அதனால்தான் நிற்க முடிந்ததோ என்று எனக்கு ஒரு கணிப்பு. சமையல் செய்தேன், மாடி ஏறினேன். மாமியாருக்கு வாயெல்லாம் பல். "புள்ள உண்டானா எல்லாம் சரியாப் போகும்னு சொன்னேன்ல" என்று போனில் ஊருக்கே சொன்னார். அப்புறம் ஆரம்பித்தது: குனிந்து வீடு துடை, குத்துக்கால் போட்டு உட்காரு, தினமும் ஒரு மணி நேரம் நட, அப்போதுதான் சுகப்பிரசவம். மற்றவர்களுக்கு அது நல்ல யோசனையாகவே இருக்கலாம். இந்த நோய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டுவதுதான் வைத்தியம் என்று பிரிட்டனிலேயே சொல்லிக்கொண்டிருந்தவர்கள், 2021 அக்டோபரில் அதை மாற்றி, அப்படிச் செய்ய வைக்கக் கூடாது என்று எழுதினார்கள். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மாமியாரிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளக்காரனுக்கு என்ன தெரியும்?" என்றார். ஒரு வாரம் துடைத்தேன். எட்டாம் மாதம் முழுக்கப் படுக்கை. வளைகாப்பில் நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், மீதி வளையலைக் கட்டிலில் படுத்துக்கொண்டு போட்டுக்கொண்டேன். ஆபரேஷனில்தான் பிள்ளை பிறந்தது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தைச் சின்ன வயதில் கேலி செய்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வேலைக்குப் போகிறவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் இருக்கிறது. நோயால் வேலையையே விட்டவளுக்கு அம்மா வீடுதான் சட்டம். ஆனாலும் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பதை அம்மா செய்ய முடியாதே. ஒருநாள் கடனை அடைப்பதற்குள் அடுத்த நாள் கடன். மூன்றாம் வாரத்தில் பிள்ளையை மடியில் தூக்கிவைக்கக் கையில் பலம் இல்லை.

அப்போதுதான் படுத்தபடியே பால் கொடுக்க ஆரம்பித்தேன். காதில் சீழ் வைக்கும் என்று அம்மா, சித்தி, பக்கத்து வீட்டக்கா எல்லோரும் கத்தினார்கள். நீங்களும் அதை நம்புகிறவர்தான். ஆனால் நீங்கள் கத்தவில்லை. கொடியில் கிடந்த அம்மாவின் பழைய சேலையை எடுத்து நாலாக மடித்து, பிள்ளையின் தலைக்கும் முதுகுக்கும் அண்டக் கொடுத்து, அவளை லேசாகச் சாய்த்து வைத்துவிட்டு, "இப்ப குடு" என்றீர்கள். பிறகு அடுத்த பிரச்சினை, எந்தப் பக்கம் கடைசியாகக் கொடுத்தேன் என்பதே எனக்கு நினைவில் நிற்காது. வலது கை வளையலைக் கழற்றி இடது கையில் போட்டுவிட்டு, "குடுத்த பக்கம் மாத்திக்க" என்றீர்கள். சாம்பிராணிப் புகை எனக்குத் தலையைப் பிளக்கிறது என்று ஒரே ஒருமுறைதான் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து தூபக்காலைக் கொல்லையிலேயே வைத்து, அவள் தலையை அங்கேயே காயவைத்துக் கொண்டுவந்தீர்கள். என் ரிப்போர்ட்டைக் கொண்டா பார்ப்போம் என்று நீங்கள் கேட்டதே இல்லை.

அந்த ஐந்து மாதத்தில் நான் அதிகம் பேசவில்லை. திமிர் இல்லை அப்பத்தா. பேசினாலும் வட்டி உண்டு.

வருத்தப்படுகிறாயா என்று கேட்டால், சில ராத்திரி உண்டு. இன்னொன்று பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள், மாட்டேன். இவளுக்கு மூன்று முடிந்துவிட்டது. தூக்கு என்று என்னிடம் கேட்கமாட்டாள், அவளே கட்டிலில் ஏறி என் வயிற்றோடு ஒட்டிக்கொள்வாள். டாக்டர் விளையாட்டு விளையாடும்போது எனக்கு ஊசி போட்டுவிட்டு, "நார்மல்" என்று சொல்கிறாள். எங்கே கற்றுக்கொண்டாளோ.

இன்னொரு விஷயம். கடைசி நாள் உங்கள் பலகையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். போன மாதம் அம்மாவிடம் அதைக் கேட்டீர்களாமே. பலகை பத்திரமாக இருக்கிறது. நின்று குளித்தால் எனக்குக் கண் இருட்டுகிறது. மூன்று வருடமாக அதில் உட்கார்ந்துதான் குளிக்கிறேன். உங்களுக்குப் புதிதாக ஒன்று செய்யச் சொல்லி ஆசாரியிடம் அளவு கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்.