கடற்போர் வியூக விளையாட்டுகளை உருவாக்குவோருக்கு: கணினியின் கப்பல் அணி ஏன் கலைகிறது?

மதிப்பிற்குரிய நிரலாளர்களே, வடிவமைப்பாளர்களே,

கணினி ஓட்டும் கப்பல் அணி முதல் பெரிய திருப்பத்திலேயே கலைந்துபோகிறது. வரிசையாக வந்த ஆறு போர்க்கப்பல்கள் ஒன்றின் குறுக்கே ஒன்று பாய்ந்து, தம் பக்கத்து டார்பிடோவிலேயே அடிபடுகின்றன. எதிரி தானாகவே சிக்கிக்கொண்டால் ஆட்டக்காரர் வகுக்கும் வியூகத்துக்கு வேலையே இல்லை. இதில் பெரும்பகுதி வெறும் வடிவியல் பிழை, சரிசெய்யக்கூடியது. அதனால்தான் எழுதுகிறோம்.

பல விளையாட்டுகளில் ஒவ்வொரு கப்பலின் இடமும் முன்னணிக் கப்பலின் முனை நோக்கும் திசையோடு பூட்டப்படுகிறது: நேர் பின்னால் 400 மீட்டர், 800 மீட்டர் என்று. முன்னணிக் கப்பல் திரும்பியதும் எல்லா இடங்களும் ஒரே தகடுபோல் சுழல்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகத்தில், 500 மீட்டர் ஆரத்தில், முன்னணிக் கப்பல் 90 பாகை திரும்ப ஏறத்தாழ 76 விநாடி ஆகும். அதே நேரத்தில் 2,000 மீட்டர் பின்னாலுள்ள ஆறாவது இடம் 3,200 மீட்டருக்கு மேல் வீசி நகர்கிறது. அந்த இடத்தைப் பிடிக்க 80 நாட்டுக்கு மேல் வேகம் வேண்டும். முடியாததால் கப்பல் குறுக்கு வழியில் பாய்கிறது, மோதல் அங்கேதான் பிறக்கிறது. பக்கவாட்டு அணியில் நிலைமை இன்னும் மோசம். உள்பக்கம் 800 மீட்டர் தள்ளியுள்ள இடம் அதே திருப்பத்தில் பின்னோக்கி நகரும். அதைத் துரத்தும் கப்பல் முழு வட்டம் அடித்துத் தன் அணிக்குள்ளேயே நுழைகிறது.

வரிசை அணிக்குத் தீர்வு எளிது. முன்னணிக் கப்பல் கடந்த தடத்தை 50 மீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பதிவுசெய்யுங்கள். ஆறு கப்பலுக்கு நாற்பது புள்ளிகளும் கொஞ்சம் உபரியும் போதும். பின்வரும் கப்பல்கள் நேர்கோட்டுத் தூரத்தை விட்டுவிட்டு, அந்தத் தடத்தின் வழியான தூரத்தைக் காக்கட்டும். சுக்கான் குறிவைக்க வேண்டியது தன் இடத்தை அல்ல, தடத்தில் அதற்குச் சற்று முன்னாலுள்ள புள்ளியை. 200 மீட்டர் நீளக் கப்பலுக்கு 300 மீட்டர் முன்னால் வைத்துத் தொடங்கலாம். குறைத்தால் கப்பல் பாம்பாக நெளியும், கூட்டினால் மூலையை வெட்டும்.

வேகத்தில் இருப்பு வையுங்கள். அணியின் வேகம் மிக மெதுவான கப்பலின் இப்போதைய உச்ச வேகத்தைவிட 15 விழுக்காடு குறைவாக இருக்கட்டும். ஏட்டில் உள்ள வேகத்தை எடுத்துக்கொண்டால் சேதமடைந்த கப்பல் பின்தங்கிக்கொண்டே போகும். இடைவெளிப் பிழை 40 மீட்டருக்குள் இருந்தால் எதையும் தொடாதீர்கள். அதற்கு மேல் 100 மீட்டருக்கு ஒரு நாட் வீதம் திருத்துங்கள். கப்பலின் இயந்திரம் சொன்னவுடன் கேட்பதில்லை. ஒவ்வொரு விநாடியும் திருத்தினால் வரிசை முழுதும் முன்னும் பின்னும் ஊசலாடும்.

இரண்டு திருப்பங்களைத் தனித்தனிக் கட்டளைகளாக்குங்கள்: ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் திரும்புவது, எல்லாக் கப்பல்களும் ஒருசேரத் திரும்புவது. முதல் உலகப் போரில், 1916 மே 31 அன்று வட கடலில் நடந்த ஜட்லாண்ட் போரில் ஜெர்மானிய அட்மிரல் ஷியர் பிரிட்டிஷ் வரிசையின் குண்டுவீச்சிலிருந்து தப்பியது இரண்டாவது வகையால். கடைசிக் கப்பல் முதலில் திரும்பத் தொடங்க, அடுத்தடுத்தவை முன்னோக்கித் தொடர்ந்தன. உங்கள் நிரலும் கடைசியிலிருந்தே சில விநாடி இடைவெளியில் கட்டளையை விடுவிக்கட்டும். டார்பிடோ வரும்போதும் இதே முறைதான் தேவை. ஒவ்வொரு கப்பலும் தனித்தனியே விலகினால் பக்கத்துக் கப்பல்மேல் ஏறும்.

திரும்பும் முன் இடம் போதுமா என்று பார்க்க வேண்டும். 1893 ஜூன் 22 அன்று இன்றைய லெபனானின் திரிப்பொலி அருகே பிரிட்டிஷ் கப்பல்கள் ஆறு கேபிள், அதாவது சுமார் 1,100 மீட்டர் இடைவெளியில் இரு வரிசைகளாகச் சென்றன. ஒன்றை நோக்கி ஒன்று உள்பக்கம் திரும்பக் கட்டளை வந்தது. இரு திருப்பு வட்டங்களுக்கும் அந்த இடைவெளி போதவில்லை. கேம்பர்டவுன் மோதி விக்டோரியா மூழ்கியது, 358 பேர் இறந்தார்கள். இரு திருப்பு விட்டங்களும் ஒரு கப்பல் நீளமும் சேர்ந்த கூட்டுத்தொகை இடைவெளியைவிடப் பெரிதானால் கணினி அந்தக் கட்டளையை மறுக்க வேண்டும். ஒரே ஒரு ஒப்பீட்டு வரியில் முடியும் வேலை இது.

முன்னணிக் கப்பல் மூழ்கினால் இரண்டாவதுதான் தலைமை ஏற்க வேண்டும். பட்டியலின் கடைசிக் கப்பலை எடுத்துக்கொண்டு அணி முழுதும் தலைகீழாவதை ஏற்க முடியாது. அணி வேகத்தில் 70 விழுக்காட்டை ஒரு நிமிடம் எட்டாத கப்பல் எதிரி இல்லாத பக்கமாக விலகட்டும், பின்னது முன்னேறி இடத்தை நிரப்பட்டும். இலக்குப் பங்கீட்டையும் அணித் தலைமையிடமே விடுங்கள். அருகிலுள்ள எதிரியை அவரவர் தேர்ந்தால், ஒரு கப்பல்மேல் நால்வர் சுட, இன்னொன்று நிம்மதியாகக் குறிபார்க்கும். 1915 ஜனவரி 24, வட கடலில் நடந்த டாகர் பேங்க் மோதலில் மோல்ட்கே என்ற ஜெர்மானியக் கப்பலுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது.

வெளியிடும் முன் ஆறு கப்பல்களை 20 நாட்டில் விட்டு நான்கு சோதனை ஓட்டுங்கள்: ஒன்றன்பின் ஒன்றாக 90 பாகை, ஒருசேர 180 பாகை, மூன்றாவது கப்பலின் வேகம் பாதியாதல், திருப்பத்தின் நடுவில் முன்னணிக் கப்பல் மூழ்குதல். எந்த இரு கப்பலும் ஒரு கப்பல் நீளத்துக்குள் நெருங்கினால் சோதனை தோல்வி. மேலே தந்த எண்கள் தொடக்கத்துக்கானவை. அவற்றை ஆட்டக்காரர்கள் திறந்து மாற்றக்கூடிய கோப்பில் வையுங்கள்.

இப்படிக்கு,
கடற்போர் வியூக விளையாட்டு ஆட்டக்காரர்கள்