ஊரைச் சொன்னாரா, ஒப்புக்கொண்டாரா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில், கைதான ஓர் இளைஞரைப் பற்றி நாலு வரியில் ஒரு செய்தி. ‘தான் வவுனியாவைச் சேர்ந்தவர் என்றும் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டார்’ என்று போட்டிருந்தீர்கள். காலைத் தேத்தண்ணியோடு சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த என் மாமி அந்த இடத்தில் நிறுத்தி, “வவுனியாவில பிறக்கிறதும் குற்றமாம் தம்பி” என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் நாள் முழுக்க அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒப்புக்கொள்வது என்றால் சும்மா சொல்வது இல்லையே. முதலில் மறுத்தவர், மறைத்தவர், சொன்னால் தனக்குத்தான் பாதகம் என்று தெரிந்தவர், இவர்கள்தான் ஒப்புக்கொள்வார்கள். யாராவது ஊர் எது என்று கேட்டால் நாம் ஊரைச் சொல்கிறோம், அவ்வளவுதான். அந்த இளைஞரும் சொல்லியிருப்பார். உங்கள் வினைச்சொல்தான் அவர் முகத்தில் களவுக் களையை ஏற்றிவிட்டது.

இந்த வினை கொஞ்சம் பொல்லாதது. ‘பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார்’ என்றால் காசு கைமாறி முடிந்துவிட்டது, ‘பணம் வாங்க ஒப்புக்கொண்டார்’ என்றால் சம்மதம்தான், இன்னும் கை நீளவில்லை. இடத்தை மிச்சப்படுத்த ‘பண விவகாரம்: அதிகாரி ஒப்புக்கொண்டார்’ என்று தலைப்புப் போட்டால் வாசிக்கிறவர் இரண்டில் எதை எடுப்பது? ஒத்துக்கொள்வதும் இதே பொருளில் வரும், ஆனால் உடம்புக்குச் சேராத சாப்பாட்டுக்கு அது ஒன்றுதான் சரிவரும். மாமிக்கு இறால் ஒத்துக்கொள்வதில்லை, அதை அவர் ஒப்புக்கொள்வதும் இல்லை.

நான் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன், ஆகவே இன்னொரு குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சிங்களத்தில் ‘பிளிகன்னவா’ என்ற ஒரே சொல்லை வைத்து விருந்தாளியை வரவேற்கலாம், யோசனையை ஏற்கலாம், குற்றத்தையும் ஒப்புக்கொள்ளலாம். இரவு அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் எல்லாவற்றுக்கும் ‘ஏற்றுக்கொண்டார்’ என்று தட்டிவிடுவார். (நானும் தட்டியிருக்கிறேன்.) ‘குற்றத்தை ஏற்றுக்கொண்டார்’ என்று வாசிக்கும்போது எனக்கு என்னவோ, தம்பி செய்ததை அண்ணன் தன் தலையில் போட்டுக்கொண்டது போலத்தான் இருக்கிறது.

இதெல்லாம் இலக்கணப் பண்டிதத்தனம் என்று நினைக்க வேண்டாம். ‘பொலிஸாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று வாரத்துக்கு நாலு தடவை எழுதுகிறீர்கள். ஆனால் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. புதுக்கடை நீதிமன்றத்தில் செல்லாத ஒன்று உங்கள் முதல் பக்கத்தில் மட்டும் செல்லுபடியாகிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுதான், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னால் செல்லும் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியாகத் தண்டனைக்குப் போனவர்களில் சிங்கராசா என்ற தமிழரும் ஒருவர். அவருடைய வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சாகியிருந்தது, அவருக்கோ அந்த மொழி தெரியாது, கீழே இருந்தது பெருவிரல் அடையாளம். அதை வைத்துத் தண்டித்தது நியாயமான விசாரணை அல்ல என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. அந்தத் தாளுக்கும் பெயர் ஒப்புதல் வாக்குமூலம்தான்.

ஆகவே ஐயா, ஒருவர் ஊரையும் பெயரையும் சொன்னால் ‘கூறினார்’ என்றே போடுங்கள். குற்றத்தைப் பற்றியது என்றால் ‘ஒப்புக்கொண்டதாகப் பொலிஸார் தெரிவித்தனர்’ என்று போடுங்கள், இரண்டு சொல்தான் கூடும். நீதவான் முன்னால் நின்று அவரே வாய்திறந்து சொன்னால் அப்போது தாராளமாக ஒப்புக்கொள்ள விடுங்கள். வவுனியா இளைஞருக்குப் பிறகு என்ன நடந்தது என்று மாமி தினமும் உங்கள் பத்திரிகையில் தேடுகிறார், இன்னும் கிடைக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்
கொழும்பு 6